பதின்மூன்றுக்குப் பதினொன்று

போன மாதம் ஓஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவா மண்டபத்தில் நம் வயதுத் தமிழர்கள் கூடியபோது பதினேழு பேர் வந்திருந்தோம். எட்டுப் பேரிடம் ஊன்றுகோல், ஆறு பேருக்குக் காதுக்கருவி, இரண்டும் உள்ளவர்கள் மூன்று பேர். இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் சிறுவர்களாக ஓடித் திரிந்த நாம் இப்படி ஆகிவிட்டோம். மண்டபம் குளிர்ந்தது. வடையில் உப்பில்லை. ஒலிவாங்கி வழக்கம்போல் கரகரத்தது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் உங்களில் ஒருவர், யாரென்று எழுதமாட்டேன், தேநீர்க் கோப்பையோடு என் பக்கம் திரும்பி, "உன்ரை அண்ணர்தானே முட்டைப்பந்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமா ஓடினவர்?" என்று கேட்டார். ஒன்பது பேர் சிரித்தார்கள்.

அந்த ஓட்டத்தை மைதானத்து ஓரத்தில் நின்று பார்த்த தமிழர்கள் மொத்தம் ஏழு பேர். சிரித்த ஒன்பது பேரில் ஒருவரும் அங்கே இருக்கவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்த பிறகும் சிரிக்க விரும்புகிறவர்கள் சிரிக்கலாம்.

அப்போது எனக்குப் பத்து வயது, அண்ணாவுக்கு இருபத்திரண்டு. அண்ணா யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஏழு வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்து இறங்கியவர். நான் ஓஸ்லோவில் பிறந்தவன். ரயில் பாதையைப் பார்த்த கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் இருந்தோம். சமையலறை மேசையிலிருந்து பார்த்தால் எதிர்க் கட்டடத்தில் நாற்பத்தெட்டு ஜன்னல்கள் தெரியும். சாப்பிடும்போது எத்தனையில் விளக்கு எரிகிறது என்று எண்ணுவேன். எண்ணி முடிக்கும்வரை சோறு இறங்காது. அம்மா இதை ஒரு நோய் என்று நினைத்துப் பள்ளித் தாதியிடம் கூட்டிப்போனார். தாதி சிரித்துவிட்டு, பிள்ளை கெட்டிக்காரன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அம்மா நினைத்ததுதான் சரி. இன்றைக்கும் மாத்திரைப் பெட்டியை இரண்டு தடவை எண்ணாமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அந்த வீட்டில் இருந்த பொருள்களில் ஒன்றுகூட இப்போது என்னிடம் இல்லை. மூடி திருகும் பெரிய தேநீர்க் குடுவை, கடைக்கார மாமாவிடம் வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுக்காத பட நாடாக்கள், நாணயத்தால் சுரண்டும் தொலைபேசி அட்டைகள். அட்டையைச் சுரண்டி எண்ணைத் தட்டினால் யாழ்ப்பாணம் பேசும், நடுவில் அறுந்துபோகும். போர்நிறுத்தக் காலம் அது. அறுந்தாலும் யாரும் பதறவில்லை.

அப்பா பேருந்து ஓட்டினார். வாரத்தில் ஐந்து நாள் பேருந்துச் சக்கரம், மீதி இரண்டு நாள் மைதானத்து விசில். கிழக்கு ஓஸ்லோவில் நம் ஆட்கள் நடத்திய உதைபந்தாட்டக் கழகத்தை உங்களுக்கு நினைவிருக்கும். அதில் அவர் பயிற்சியாளர், நடுவர், வலை தைப்பவர், தோற்ற அன்று எல்லோரையும் ஏசுபவர். யாழ்ப்பாணத்தில் பள்ளி அணியின் தலைவராக இருந்தவர். அவர் அகராதியில் ஒரே ஒரு பாவம்தான் இருந்தது. தன் வலைக்குள் தானே பந்தை அடிப்பது. அதைச் சேம்சைட் என்பார்கள். சேம்சைட் போட்டவன் அந்த வருடம் முழுக்க வலை சுமக்கவேண்டும், அது கழகத்தின் எழுதாத சட்டம். அந்த அவமானம் தாங்காமல் ஒரு குடும்பமே எல்லிங்ஸ்ருட்டுக்கு வீடு மாறிப் போனதாகக்கூடச் சொல்வார்கள்.

அந்தக் கழகத்தில் மிகப் பலமான கால் அண்ணாவினுடையது. அதனால்தான் அவர் படிப்பைச் சாக்குச் சொல்லிக் கழகத்தை விட்டு நின்றபோது அப்பா ஒரு கோடை முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

உண்மை செப்ரெம்பரில் வெளியே வந்தது. கட்டடத்தார் எல்லோரும் சேர்ந்து துப்புரவு செய்யும் டுக்னாட் நாள். நிலவறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் கம்பிவலை போட்ட ஓர் அறை உண்டல்லவா, எங்கள் அறையை அப்பா திறந்தார். பழைய பாய், உடைந்த சறுக்குவண்டி, அரிசி மூட்டை, அதற்குப் பின்னால் ஒரு பெரிய கறுத்த பை. பைக்குள் முகத்துக்குக் கம்பி வைத்த தலைக்கவசமும் ஆமை ஓடுபோல ஒரு தோள்கவசமும் இருந்தன. ஈரச் சப்பாத்தும் புளித்த மோரும் கலந்த ஒரு நாற்றம்.

அப்பா தலைக்கவசத்தை ஏந்திக்கொண்டு மேலே வந்து அம்மா முன்னால் வைத்தார்.

"உன்ரை மூத்தவன் மோட்டச்சைக்கிள் வாங்கிட்டான்."

அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "இஞ்சேருங்கோ, மோட்டச்சைக்கிள் தொப்பிக்கு ஏன் வாய்க்குக் கம்பி? கடிக்கிற நாய்க்குப் போடுறமாதிரியெல்லோ கிடக்கு."

அண்ணா மாலையில் வந்ததும் மறைக்காமல் சொல்லிவிட்டார். கல்லூரி மாணவர்களின் அமெரிக்க உதைபந்து அணியில், முட்டை வடிவப் பந்தோடு, ஒரு வருடமாக ஆடுகிறார். அவர் வேலை உதைப்பது மட்டும்தான்.

"ஐயோ, மோட்டச்சைக்கிள் இல்லையே? அப்ப சரி," என்று அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார். அப்பா திரும்பவில்லை.

"அங்கை கழகத்திலை ஆளில்லாமல் மீசை முளைக்காத பெடியளை இறக்கி விளையாடுறம். நீ இஞ்சை தலையிலை சட்டியைக் கவிட்டுக்கொண்டு முட்டைப்பந்து விளையாடுறாய்."

"அப்பா, நான் நல்லா உதைக்கிறன் எண்டு அவங்கள் சொல்லுறாங்கள்."

"முட்டையை உதைச்சு என்ன காணப்போறாய்?"

அண்ணா அப்போதுதான் அடுத்ததையும் சொன்னார். கல்லூரியிலிருந்து ஒரு வருடம் அமெரிக்காவில் போய்ப் படிக்க விடுகிறார்கள். உத்வெக்ஸ்லிங் என்று பெயர், இங்கேயிருந்து ஒருவர் அங்கே, அங்கேயிருந்து ஒருவர் இங்கே. அவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. அங்கே கல்லூரிகள் இந்த ஆட்டத்தை ஆடுவதைப் பார்க்க ஒரு நகரமே வருமாம். அண்ணா சொல்லும்போது அவர் கைகள் மேசையின் ஓரத்தைப் பிடித்திருந்தன. இருபத்திரண்டு வயது ஆள், நோர்வேச் சட்டப்படி யாரையும் கேட்கத் தேவையில்லை. ஆனால் அப்பா வேண்டாம் என்றால் போகமாட்டார். நம் வீடுகளில் அப்போது அப்படித்தான் இருந்தது, உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

அப்பா அந்தத் தலைக்கவசத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு சொன்னார்: "ஒருக்கா வந்து பாக்கிறன். ஒழுங்கான விளையாட்டெண்டால் போ. இல்லையெண்டால் இந்தக் கதையை விட்டிட்டுக் கழகத்துக்கு வா. நான் சொன்னால் சொன்னதுதான்."

அண்ணா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அப்பா வந்து பார்த்தால் போதும், மிச்சத்தைக் கால் பார்த்துக்கொள்ளும் என்று அவர் நம்பினார்.

அண்ணாவும் நானும் ஒரே அறை. தோள்கவசம் இப்போது நிலவறையிலிருந்து எங்கள் கட்டிலுக்கடியில் குடிவந்துவிட்டது. அம்மா ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தார், பயனில்லை. அந்த மணத்துக்கு நடுவில் படுத்துக்கொண்டு அண்ணா எனக்கு ஆட்டத்தின் கணக்கைச் சொல்லித் தந்தார். வேறு எதையும் நான் கேட்கவில்லை, கணக்கை மட்டும்தான் கேட்டேன்.

"பந்தோடை அவங்கடை கோட்டைத் தாண்டினால் ஆறு. தாண்டின பிறகு கம்பத்துக்கு நடுவாலை உதைச்சால் இன்னும் ஒண்டு. உதைக்காமல் திரும்பவும் கொண்டு ஓடினால் ரெண்டு. ஓடேலாதெண்டு தூரத்திலையே நிண்டு உதைச்சால் மூண்டு."

"அவ்வளவுதானோ?"

"இன்னுமொண்டு கிடக்கு. எங்கடை கோட்டுக்குப் பின்னாலை நாங்களே பந்தோடை மாட்டுப்பட்டால், இல்லாட்டி பந்தோடை வெளியிலை போனால், அவங்களுக்கு ரெண்டு."

"அது சேம்சைட்தானே?"

"இல்லையடா. சேம்சைட் பிழையிலை நடக்கிறது. இது சில நேரம் வேணுமெண்டு செய்யிறது. ஆறு குடுக்கிறதிலும் பாக்க ரெண்டு குடுக்கிறது மலிவெல்லோ?"

எனக்கு அந்த ஆட்டம் பிடித்துப்போனது. உதைபந்தில் எல்லா அடிக்கும் ஒரே ஒன்று. இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விலை. ஒன்று என்ற எண்ணிக்கையோடு மட்டும் எந்த அணியும் வீடு போகமுடியாது என்று நானே கண்டுபிடித்து மறுநாள் அண்ணாவிடம் சொன்னேன். அவர் என் தலையில் தலைக்கவசத்தைக் கவிழ்த்துத் தட்டினார். உள்ளே கோயில் மணி அடித்ததுபோல் இருந்தது.

ஒக்டோபர் முடிவில் அந்தப் போட்டி வந்தது. இரண்டு கல்லூரிகளின் மாணவர் அணிகள் வருடத்துக்கு ஒருமுறை மோதும் ஆட்டம். அமெரிக்காவில் இப்படிப் பருவக் கடைசியில் ஆடுவதற்குப் பௌல் என்று பெயர், அதாவது கிண்ணம். இந்த மாணவர்களும் அப்படியே பெயர் வைத்து, வெல்பவர்களுக்குக் கொடுக்கத் தளபாடக் கடையில் ஒரு மரத்துச் சலாதுக் கிண்ணம் வாங்கி வைத்திருந்தார்கள். அண்ணா அதைச் சொன்னபோது அம்மா, "உந்தக் கோப்பைக்குத்தானோ இவ்வளவு பாடு? எங்கடை வீட்டிலை மூண்டு கிடக்கே," என்றார். அம்மாவுக்கு அன்று முதியோர் இல்லத்தில் வேலை. வரமுடியாததற்குப் பரிகாரமாக நாற்பத்திரண்டு மீன் ரோல்ஸ் பொரித்துத் தந்தார்.

நாற்பத்திரண்டு எதற்கு என்றால், அப்பா தனியாக வரவில்லை. நான்கு பேரை அழைத்திருந்தார். கழகத் தலைவர், கடைக்கார மாமா, கழகத்து ஆட்கள் இன்னும் இருவர். அவர் தொலைபேசியில் அழைத்ததை நான் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். "பெடியன் ஏதோ புதுசா விளையாடுறான். எனக்கு ஒண்டும் விளங்காது. ஆனால் கால் எங்கடை கால்தானே. வந்து பாருங்கோவன்." குரலில் சிரிப்பிருந்தது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். அப்பா குற்றம் பிடிக்கச் சாட்சிகளைக் கூட்டிப்போகவில்லை. மகனைக் காட்டத்தான் கூட்டிப்போனார்.

ஓஸ்லோவுக்குப் பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோமுக்கு வெளியே செயற்கைப் புல் மைதானம். காலையில் பெய்த மழையில் ரப்பர்த் துகள்கள் கறுப்பு மிளகு மாதிரிச் சப்பாத்தில் ஒட்டின. பார்க்க வந்தவர்கள் அறுபத்து மூன்று பேர், இரண்டு நாய்கள். ஏழாவது தமிழராக எங்கள் கீழ்மாடி இந்திய மாமா குடை பிடித்து நின்றார். கணினி வேலைக்காகச் சென்னையிலிருந்து வந்தவர், அதற்கு முன் அமெரிக்காவில் படித்தவர். அண்ணாதான் அவரையும் அழைத்திருந்தார். அப்பாவுக்கு அவரோடு மாடிப்படியில் தலையசைக்கும் அளவுக்குத்தான் பழக்கம். அவர் பேசுவது சினிமாவில் பேசுவதுபோல் இருக்கிறது என்பார். அவரோ எங்கள் வீட்டில் பேசுவது பாதிதான் புரிகிறது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

எதிரணி முதலில் கோட்டைத் தாண்டியது. அதன்பின் உதைத்தது கம்பத்துக்கு வெளியே போனது. ஆறு. பிறகு எங்கள் பக்கம் ஒருவன் ஓடித் தாண்டினான். அண்ணா வந்து உதைத்தார். பந்து இரண்டு கம்பங்களுக்கும் சரி நடுவால் போனது. ஏழுக்கு ஆறு. கம்பளிக் கையுறை போட்ட ஒரு மாணவி எண் பலகைகளை ஆணியில் கழற்றி மாட்டினாள். அப்பாவும் அவருடைய ஆட்கள் நான்கு பேரும் எதற்கு நிறுத்துகிறார்கள், எதற்கு மறுபடி தொடங்குகிறார்கள் என்று தெரியாமல் நின்றாலும், அண்ணா மைதானத்துக்குள் வரும்போது மட்டும் ஆயத்தமாகிவிடுவார்கள்.

"வாறான், வாறான்! அடியடா தம்பி!"

தூரத்திலிருந்து ஒரு மூன்று. பத்துக்கு ஆறு. எதிரணியும் ஒரு மூன்று எடுத்தது. பத்துக்கு ஒன்பது. மறுபடி அண்ணா, முன்னையதைவிடத் தூரத்திலிருந்து இன்னொரு மூன்று. பதின்மூன்றுக்கு ஒன்பது. பதின்மூன்றில் ஏழு அண்ணாவின் காலிலிருந்து வந்தது.

"அப்பிடியே உன்ரை உதை," என்றார் கழகத் தலைவர். "அந்த நாளையிலை நீ மூலையிலையிருந்து அடிக்கிறமாதிரி."

அப்பா சட்டைக் கழுத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். சிரிப்பை மறைக்க அவர் செய்வது அது. பிறகு நான் அதற்குமுன் பார்க்காத ஒன்றைச் செய்தார். குடுவையிலிருந்து தேநீர் ஊற்றி இந்திய மாமாவிடம் நீட்டினார்.

"அமெரிக்காவிலை சாப்பாடு என்ன மாதிரி? இவன் சோறில்லாமல் இருக்கமாட்டான்."

"அதெல்லாம் பிரச்சனையே இல்ல சார். எல்லா ஊர்லயும் இந்தியன் ஸ்டோர் இருக்கு. குக்கர் ஒண்ணு கொடுத்து விடுங்க, போதும்."

"குக்கரோ?" என்று அப்பா யோசித்தார். "வீட்டிலை ஒண்டு சும்மா கிடக்கு."

அவ்வளவு தூரம் வந்துவிட்டது. குக்கர்வரை வந்துவிட்டது.

கடைசிக் கட்டத்தில் எதிரணி எங்கள் கோட்டுக்கு மிக அருகில் வந்து, தாண்டமுடியாமல் பந்தை இழந்தது. பந்து இப்போது எங்களுடையது, ஆனால் எங்கள் கோட்டோடு ஒட்டி. மூன்று முறை முட்டிப் பார்த்தார்கள், ஓர் அடிகூட நகரவில்லை. நான்கு முறைக்குள் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும், ஆகவே நான்காவது முறை உதைத்துத் தூரத் தள்ளவேண்டும். மேசைமேல் இருந்த கடிகாரத்தின் சிவப்பு எண்களில் பத்துச் சொச்சம் வினாடி இருந்தது. அண்ணா கோட்டுக்குப் பின்னால் போய் நின்றார்.

அப்பா நண்பர்களின் முன்னால் வந்து கையை நீட்டிக் காட்டினார். "இப்ப பாருங்கோ. இஞ்சையிருந்து அடிப்பான், அங்கை போய் விழும்."

பந்து அண்ணாவின் கைக்கு வந்தது. அவர் உதைக்கவில்லை. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இடது பக்கம் ஓடினார். இரண்டு பேர் துரத்தினார்கள். திரும்பி வலது பக்கம் ஓடினார். நான்கு பேர் துரத்தினார்கள். எங்கள் கோட்டுக்குப் பின்னால் இருந்த அந்த ஒடுங்கிய இடத்திலேயே, வீட்டுக்குள் கோழி துரத்துவதுபோல, இங்கும் அங்கும் ஓடினார்.

"அடியடா!" என்று அப்பா கத்தினார். "டேய், அடி! முன்னுக்கு ஓடு!"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு, மூன்று, இரண்டு. எதிரணிக்காரன் ஒருவன் அவர் இடுப்பைத் தொடும் நேரத்தில் அண்ணா பின்கோட்டைத் தாண்டி வெளியே கால் வைத்தார். கடிகாரத்தில் வெறும் பூச்சியங்கள். நடுவர் இரண்டு உள்ளங்கைகளையும் தலைக்கு மேல் சேர்த்துக் காட்டினார். மாணவி ஒன்பதைக் கழற்றிப் பதினொன்றை மாட்டினாள்.

பதின்மூன்றுக்குப் பதினொன்று. அண்ணா உதைத்திருந்தால் எதிரணி பாய்ந்து மறித்து, அந்தப் பந்தையே பிடித்துக் கோட்டுக்குள் விழுந்து, ஆறு எடுத்து வென்றிருக்கலாம். ஆறுக்குப் பதில் இரண்டைக் கொடுத்து, ஓடி ஓடி நேரத்தைத் தின்று முடித்துவிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ கணக்குகளைப் பார்த்துவிட்டேன், அவ்வளவு அழகான கழித்தலை நான் பார்த்ததில்லை.

"சேம்சைட்!" என்று கடைக்கார மாமா வாய்விட்டுச் சிரித்தார். "ஐயோ, பந்தைத் தூக்கிக்கொண்டு சொந்த வீட்டுக்குள்ளை ஓடுறான் பெடியன்! பிழையில்லை, ஓடுறது எங்கடை ஆக்களுக்குப் பழகின வேலைதானே."

அவர் பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கழகத் தலைவர் குனிந்து சப்பாத்தில் ஒட்டிய ரப்பர்த் துகளைத் தட்டினார். பத்து வயதில் எனக்கு அந்த அமைதி விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. அங்கே நின்ற அந்த ஐந்து ஆண்களும், ஏதோ ஓர் ஊரிலிருந்து, ஏதோ ஒரு கரையிலிருந்து, யாரையோ விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள். அதைப் பற்றி ஒருவரும் வாய்திறந்து நான் கேட்டதில்லை. அப்பாவின் முகத்தில் இரத்தம் ஏறியது மகனுக்காக மட்டும் இல்லை.

மைதானத்தில் அண்ணாவைத் தோளில் தூக்கினார்கள். எண்ணெய் வைத்த தலைபோல வியர்வையில் முடி படிய, சலாதுக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் ஓடிவந்தார்.

அவருக்கு முன் இந்திய மாமா முந்திக்கொண்டார். குடையை மடக்காமலே அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சூப்பர் சார்! செம மூளை சார் உங்க பையனுக்கு! ரெண்டே ரெண்டு பாயிண்ட் கொடுத்து மேட்ச்சையே முடிச்சுட்டான் பாருங்க!"

சந்தோஷத்தில் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அப்பாவுக்கு அந்தச் சிரிப்புத்தான் கேட்டது. கையை உதறினார்.

"நக்கல் அடிக்கிறியளோ?"

"ஐயையோ, இல்ல சார், நிஜமாத்தான்..."

"போதும். எங்களுக்கு உங்கடை சினிமாக் கதை வேண்டாம்."

அண்ணா கிண்ணத்தோடு நின்றார். "அப்பா, வெண்டிட்டம்."

"வெண்டது மற்றவங்கள். குடுத்தது நீ."

"நான் உதைச்சிருந்தால் அவங்கள் மறிச்சிருப்பாங்கள், அப்பா. கோச்தான் ஓடச் சொன்னவர்."

"ஆறைக் காப்பாத்த ரெண்டு குடுத்தவர் அப்பா," என்று நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "அதுதான் மலிவு. நான் எண்ணிப் பாத்தனான்."

"நீ வாயைப் பொத்து." என் பக்கம் அவர் திரும்பவும் இல்லை. அண்ணாவையே பார்த்துச் சொன்னார்: "நீ பயந்தனீ. என்ரை சிநேகிதர் நாலு பேருக்கு முன்னாலை என்ரை பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினவன். உன்னை அமெரிக்காவுக்கு அனுப்பி அங்கையும் போய் ஓடச் சொல்லுறதோ? போகத் தேவையில்லை. நான் சொன்னால் சொன்னதுதான்."

பல்லைக் காக்க வாயில் வைக்கும் ரப்பர்க் கவசம் இன்னும் அண்ணாவின் கையில் இருந்தது, எச்சில் சொட்டியது. "சரி அப்பா," என்றார். கிண்ணத்தை என்னிடம் தந்துவிட்டு அணியினரிடம் போனார். போகும்போது ஓடவில்லை, நடந்தார்.

வான் வண்டியில் வீடு திரும்பினோம். ரோல்ஸ் பத்தொன்பது மிச்சம்.

அடுத்த வாரம் அண்ணா கல்லூரிக்குப் போய், அமெரிக்காவுக்கு வேறு ஒருவரை அனுப்பச் சொல்லிவிட்டார். வேறொருவன் போனான். அண்ணா அழவில்லை, கத்தவில்லை, வீட்டை விட்டுப் போகவும் இல்லை. அதே மேசையில் அதே கதிரையில் இருந்து சாப்பிட்டார். ஆனால் அப்பாவோடு பேசவில்லை. "அம்மா, மழை வருகுதாம், அப்பாவைக் குடை கொண்டுபோகச் சொல்லுங்கோ," என்பார். அப்பா எதிரில்தான் இருப்பார். கழகத் தலைவர் இரண்டு முறை வந்து விளையாடக் கூப்பிட்டார். "காலிலை நோவு, மாமா," என்று அண்ணா இரண்டு முறையும் ஒரே பதிலைச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் எந்தப் பந்தையும் உதைத்து நான் பார்க்கவில்லை. என் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது, வாசலில் உருண்டு வந்த பந்தைக்கூடக் குனிந்து கையால்தான் எடுத்துக் கொடுத்தார். மகனைக் கழகத்துக்குத் திருப்பி எடுக்கப்போன அப்பா, கழகத்தையும் அத்தோடு விட்டார்.

பிறகு அண்ணா திருமணம் செய்து லில்லெஸ்ட்ரோமுக்குப் போனார். வருடங்கள் போயின. அம்மா இறந்துபோனார். அப்பாவின் கால்கள் மறுத்தபோது, நான் எதிர்பாராதபடி, அண்ணா ஞாயிறுதோறும் வரத் தொடங்கினார். அப்பாவுக்கு முகம் வழித்தார், நகம் வெட்டினார், மெல்ல மெல்லப் பேசவும் செய்தார். எனக்குப் பொறுக்கவில்லை. எப்படி முடிகிறது என்று கேட்டேன்.

"அவருக்கு விளங்கேல்லையடா," என்றார் அண்ணா. "உதைபந்து மட்டும் தெரிஞ்ச மனிசன். சேம்சைட் எண்டு நினைச்சுப் பேசிப்போட்டார். விளங்காத ஆளோடை எவ்வளவு காலத்துக்குக் கோவிக்கிறது?"

அப்பாவின் கடைசி மாதங்களில் ஒரு மத்தியானம், மருத்துவமனையில் அவர் கட்டிலருகே நான் மட்டும் இருந்தேன். அந்த மனிதன் விளங்காமலே போய்விடக்கூடாது என்று தோன்றியது. கணக்கு பிழையாகக் கிடந்தால் என்னால் இருக்கமுடியாது. மாத்திரை வைக்கும் காகிதக் கிண்ணங்களைப் போர்வைமேல் அடுக்கி, இது எங்கள் கோடு, இது அவர்கள் ஆள், உதைத்தால் இப்படி, ஓடினால் இப்படி என்று விளக்கத் தொடங்கினேன். இரண்டாவது கிண்ணத்திலேயே அப்பா என் கையைத் தடுத்தார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அந்தக் கிழமையே தெரியும். என்னோடை பஸ் ஓடின நோர்வேக்காரன் ஒருத்தன்ரை மகன் மற்றப் பக்கத்துக்கு விளையாடினவன். தகப்பன் டிப்போவிலை வந்து எனக்குக் கை குடுத்தவன். தங்கடை பெடியளுக்கு உந்த மூளை இல்லையாம். கடதாசியிலை கீறிக் காட்டினவன்."

கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "அப்ப அண்ணாவைப் போகச் சொல்லியிருக்கலாமே? இடம் வேறை ஆளுக்குப் போகமுன்னம்."

அப்பா ஜன்னலைப் பார்த்தார். "நாலு பேருக்கு முன்னாலை சொல்லிப்போட்டன். என்னெண்டு திருப்பி எடுக்கிறது?"

அந்த நாலு பேரையும் மனத்துக்குள் எண்ணினேன். மூன்று பேர் இறந்துவிட்டார்கள். நாலாவது ஆளான கடைக்கார மாமா கனடாவில் மகளோடு, யாரையும் அடையாளம் தெரியாமல் இருந்தார்.

"அவனுக்குச் சொல்லாதை," என்றார் அப்பா. நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அப்பா இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள், அவருடைய உடுப்புகளை அண்ணாவும் நானும் பிரித்துக்கொண்டிருந்தோம். பதினான்கு சட்டைகள். அண்ணா ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டே, "பாவம் மனிசன். கடைசிவரைக்கும் அந்த மட்ச் அவருக்கு விளங்கேல்லை," என்றார்.

நான் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது என்று என் மனைவி இன்றுவரை சொல்கிறாள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒருவர் பிழையான எண்ணை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

அண்ணா சட்டை மடிப்பதை நிறுத்தினார். "எப்பயிருந்து தெரியும்?"

"அந்தக் கிழமையே."

"அந்தக் கிழமையோ?" என்றார். பாதி மடித்த சட்டையைக் கட்டில்மேல் வைத்தார். "விளங்கேல்லை எண்டு நினைச்சுத்தானே நான் எல்லாம் செய்தனான்."

மிச்சச் சட்டைகளை நானே மடித்தேன்.

முதலாண்டுத் திவசத்துக்கு அண்ணா வரவில்லை. தொலைபேசியை எடுக்கவும் இல்லை. மூத்தவர் இருக்கவேண்டிய மணையில் நான் உட்கார்ந்தேன். ஐயர் தர்ப்பையை என் விரலில் மாட்டிவிட்டு, மூத்த மகன் வெளிநாட்டிலோ என்று கேட்டார்.

"இல்லை ஐயா, லில்லெஸ்ட்ரோமிலை."

"இவ்வளவு கிட்டவோ?" என்றார் ஐயர்.

"ஓம் ஐயா," என்றேன். "கிட்டத்தான்."